வீடு பார்க்கும்போது பப்பாளி மரத்தையும் பாருங்கள்

சென்னைப் புறநகரில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில்தான் அலைகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும், பள்ளி திறப்பதற்குள் மாறிவிட வேண்டும். அந்த நேரத்தில் எல்லாத் தெருவும் காய்ந்து, பளிச்சென்று, நல்ல தெருவாகவே தெரியும். ஐப்பசி அடைமழையில் அதே தெருவில் முட்டியளவு தண்ணீர் நிற்பதும், கோடையில் அதே வீட்டு போர்வெல்லில் காற்று மட்டும் வருவதும் குடிபோன பிறகுதான் தெரியவரும்.

காய்கறி போட்டுப் பழகியவர்கள் இந்த விஷயத்தில் ஏமாறுவது குறைவு. செடிக்கு வேண்டியவை நாலே நாலு: தண்ணீர் வடிகிற நிலம், உப்பு ஏறாத தண்ணீர், போதுமான வெயில், புகை இல்லாத காற்று. மனிதருக்கும் இவைதான் வேண்டும். ஆனால் மனிதர் லாரித் தண்ணீர், ஆர்.ஓ., இன்வெர்ட்டர் என்று காசைக் கொடுத்துச் சமாளித்துக்கொள்வார். செடியால் அது முடியாது, உள்ளதை உள்ளபடி காட்டிவிடும். அதனால் ஒரு பகுதி குடியிருக்கத் தக்கதா என்று பார்க்கப் போகும்போது, அங்கே ஏற்கெனவே வளர்ந்து நிற்பவற்றை முதலில் பாருங்கள்.

பப்பாளியிலிருந்து தொடங்கலாம். அதன் வேர் தேங்கிய தண்ணீரில் இரண்டு மூன்று நாள் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும். இலை மஞ்சளாகித் தொங்கும், மரம் சாய்ந்துவிடும். ஆகவே தெருவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பப்பாளி நின்றால் கிட்டே போய்ப் பாருங்கள். தொட்டியிலோ மேடையிலோ இல்லாமல் தரையிலேயே நிற்க வேண்டும். தண்டில் இலை விழுந்த தழும்புகள் அடியிலிருந்து அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அடித்தண்டு தொடையளவு பருத்து, பட்டை சாம்பல் நிறத்தில் தடித்திருந்தால் அந்த மரம் ஒரு மழைக்காலத்தையாவது தாண்டி வந்திருக்கிறது, அந்த மண்ணில் தண்ணீர் நின்றிருக்க வாய்ப்பு குறைவு. பருத்த முருங்கை மரமும் கிட்டத்தட்ட இதே சாட்சியைத்தான் சொல்லும்.

எதிர்ச்சாட்சி காலி மனைகளில் கிடைக்கும். கோடையிலும் சம்பு நிற்கிற மனை, கோரை அடர்ந்த மனை, தரையோடு பொடுதலை படர்ந்த மனை எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பள்ளங்கள். பக்கத்து மனை அப்படியிருக்க, நீங்கள் பார்க்கிற வீடு மட்டும் மேட்டில் தெரிகிறதென்றால் அங்கே மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். வீடு தப்பிக்கலாம், தெரு தப்பிக்காது. தண்ணீரின் உப்பைச் சொல்ல வாழை இருக்கிறது. முற்றிய இலைகளின் ஓரம் முழுக்கத் தீய்ந்தாற்போல் கருகியிருந்தால், பாய்ச்சுகிற தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

செடிக்கு அடுத்தபடியாகச் சுவரைப் படியுங்கள். வெள்ளை அடித்த சுற்றுச்சுவரிலும் வெள்ளக் கோடு பெரும்பாலும் மறையாது, பழுப்பாகக் கசிந்து தெரியும். மின் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்களா? போர் மோட்டாருக்கு இரண்டடித் திண்ணை கட்டியிருக்கிறார்களா? கேட்டுக்கு உள்பக்கம் ஒரு அடி உயரத்தில் சிமெண்ட் தடுப்பு இருக்கிறதா? ஒரு வீட்டில் இருந்தால் அது அந்த வீட்டுக்காரரின் முன்ஜாக்கிரதை. நாலைந்து வீட்டில் இருந்தால் தெருவே பட்ட அனுபவம்.

அக்கம்பக்கத்தில் கேட்கும் கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும். "2015-ல தண்ணி வந்துச்சா?" என்று புரோக்கரிடம் கேட்டால் "இந்த ஏரியாவுல வரவே வராது சார்" என்பதுதான் பதில். இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுகிறவர், கேன் தண்ணீர் இறக்குகிற தம்பி, இவர்களிடம் கேளுங்கள். "அண்ணே, மிக்ஜாம் புயல் அன்னைக்கு இந்த முக்குல எதுவரைக்கும் நின்னுச்சு?" என்றால் பதிலுக்கு முன்பே கை முட்டிக்கோ இடுப்புக்கோ போகும். உயரத்தைவிட முக்கியமான அடுத்த கேள்வி, எத்தனை நாளில் வடிந்தது என்பது. இடுப்பளவு வந்து ஆறு மணி நேரத்தில் வடிகிற இடத்தில் வாழ்ந்துவிடலாம். கணுக்கால் அளவு நாலு நாள் நிற்கிற இடத்தில் முடியாது. செப்டிக் டேங்க் பொங்கும், சம்ப்பில் கழிவு கலக்கும், தரையில் வைத்த செடி ஒன்றுகூட மிஞ்சாது.

2015, 2023 இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது, அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கி ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வரை அது ஆற்று வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் நின்றது, சதுப்பு நிலத்துக்கு வடிய வழியில்லாத மழை நீர். ஒன்றில் தப்பிய தெரு மற்றொன்றில் மாட்டியிருக்கலாம். இரண்டிலும் தப்பியிருந்தால் நம்பிக்கையோடு அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்த வேலை, காகிதம். ஊர்ப்பெயரே பாதி சொல்லும். தாங்கல், ஏந்தல், ஏரி, கேணி என்று முடிகிற பெயர்கள் நீர் நின்ற இடங்களைச் சுட்டுபவை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. சர்வே எண்ணை வைத்து அரசின் இணையச் சேவையில் பட்டாவும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும், புல வரைபடமும் எடுத்துவிடலாம். உங்கள் எண்ணோடு நிற்காமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ஓடை, வாய்க்கால், ஏரி என்று புறம்போக்கில் இருந்தால், தரையில் இன்று அது சிமெண்ட் ரோடாகத் தெரிந்தாலும் மழைத் தண்ணீர் பழைய பாதையில்தான் வரும். உங்கள் எண் நஞ்சை என்று இருந்தால் அது நெல் விளைந்த நிலம், பெரும்பாலும் களிமண், மெதுவாகத்தான் வடியும். புஞ்சை என்றால் மேட்டு நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் தேதி மாற்றிப் பார்க்கும் வசதியும் உண்டு. நவம்பர், டிசம்பர் மாதத்துப் படம் ஏதாவது கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

தெரு மட்டத்தை அளக்க மேஸ்திரிகள் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை வீட்டு வாசல்படியிலும் மறுமுனையைத் தெரு நடுவிலும் பிடித்தால் வித்தியாசம் அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். வீட்டுத் தரை தெருவைவிட இரண்டரை, மூன்றடி உயரத்தில் இருப்பது நல்லது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ரோடு போட்டால் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் தெரு ஏறும், வீடு இறங்கும். பக்கத்துப் பழைய வீடுகளின் வாசல்படியில் எத்தனை படி ரோட்டுக்குள் புதைந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தத் தெருவின் வழக்கம் புரியும்.

இனி தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிற, சட்டைப் பையில் வைக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில்லாமல் வீடு பார்க்கப் போகாதீர்கள். சமையலறைக் குழாயில் பிடிக்க வேண்டாம், அதில் மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்திருக்கும். மோட்டாரைப் போடச் சொல்லி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, போர் குழாயிலேயே பிடியுங்கள். இந்தியத் தர அளவுப்படி குடிக்க 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். செடிக்கு 450 வரை எந்தக் கவலையும் இல்லை. 450-லிருந்து 2,000 வரை பயிரைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் போர் தண்ணீரை நம்பித் தோட்டம் போட முடியாது. மழை முடிந்த கையோடு அளந்தால் எண் குறைவாகக் காட்டும், வைகாசியில் ஏறும். அந்த வித்தியாசத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிகளில் பலரும் கவனிக்காத ஒன்று, சாஃப்ட்னர். உப்பு மூட்டை கொட்டி இயக்குகிற சாஃப்ட்னர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியே இருக்கும். துணிக்கும் குழாய்க்கும் நல்லது, மண்ணுக்குக் கேடு. மாதக்கணக்கில் ஊற்றினால் மண் இறுகி, மேலே தண்ணீர் நிற்கத் தொடங்கும், செடி குன்றும். சாஃப்ட்னருக்கு முந்தைய குழாய் ஒன்று தோட்டத்துக்குக் கிடைக்குமா என்று சங்கத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்.ஓ. கழிவு நீரும் அப்படித்தான். உள்ளே போனதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு உப்பு அதில் இருக்கும். தரை கழுவலாம், செடிக்கு வேண்டாம்.

போர் ஆழத்தையும் கேளுங்கள். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையுள்ள மணற்பாங்கான கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலேதான் இருக்கிறது. ஆழமாகத் தோண்டி அதிகமாக இழுத்தால் உப்பு மேலேறும். பல்லாவரம், தாம்பரம் பக்கம் பாறை. வெடிப்பில் கிடைத்தால் உண்டு, பத்தடி தள்ளிப் போட்டால் இல்லை. செப்டிக் டேங்க் உள்ள தெருவாக இருந்தால் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் நடுவே 60 அடியாவது வேண்டும். 30-க்கு 40 மனைகளில் அது நடக்காத காரியம். அங்கே கிணற்றுத் தண்ணீரைக் கீரை மேல் தெளிக்காதீர்கள், வேரில் மட்டும் விடுங்கள். கோடையில் அந்தத் தெருவுக்கு வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறது என்ற கேள்விக்கும் கேன் தம்பியிடமே பதில் இருக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளுமே வறண்டபோது போர் ஓடிய தெருக்கள் எவை என்று பழைய குடித்தனக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

காற்று, சத்தம், குப்பை மூன்றுக்கும் ஒரே வழிதான். நாலு வேளை போய் நிற்க வேண்டும்: காலை 6 மணி, பள்ளி வேன்கள் ஓடும் எட்டரை, மாலை 7, இரவு 11. குப்பை எரிக்கிற வழக்கம் காலையிலும் இரவிலும்தான் தெரியும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குச் சில கிலோமீட்டருக்குள் பார்க்கிறவர்கள் காற்றுத் திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோடையில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். ஆனி, ஆடியில் பெரும்பாலும் மேற்குக் காற்று. மாசி மாதம் ஒரு நாள் போய் நாற்றம் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

வெயிலை யாருமே அளப்பதில்லை. தோட்டம் தோற்கப் பாதிக் காரணம் அதுதான். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் மார்கழியில் நண்பகல் சூரியன்கூட உச்சிக்கு வராது. தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். உங்களுக்குத் தெற்கே 30 அடி உயர வீடு இருந்தால் அது மார்கழி நண்பகலில் 22 அடி நீளத்துக்கு நிழல் போடும். காய்கறி நன்றாக வருகிற ஐப்பசி முதல் மாசி வரை அந்த நிழலில் கீரைகூடத் தெம்பாக வராது. ஆனியில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போவதால் அதே இடத்தில் நல்ல வெயில் விழும், அதைப் பார்த்து ஏமாறுவார்கள். தெற்கே காலி மனை இருக்கிறது, வெயில் கொட்டுகிறது என்று மகிழ்வதற்கு முன் அந்த மனையில் நாளை மூன்று மாடி எழும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காய்க்கும் செடிகளுக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் 4 மணி நேரம் போதும். நம் மனை அளவுகளுக்கு, தரையைவிட மாடியே பெரும்பாலும் சரிப்பட்டு வருகிறது. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லாருக்கும் பொது என்பதால் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் பையை ஏற்றுங்கள்.

தரையில்தான் போடப்போகிறீர்கள் என்றால் கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். புறநகர் மனைகளில் மேலே நாலு அங்குலம் செம்மண், அடியில் கட்டட இடிபாடு என்பது சர்வ சாதாரணம். சிமெண்ட், சுண்ணாம்புத் துண்டுகள் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும், இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காது. கறிவேப்பிலையின் புதுக்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதனால்தான். உரத்தைக் கூட்டினால் சரியாகாது. அப்படிப்பட்ட இடத்தில் மரத்துக்கு இரண்டடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, வெட்டிய மண்ணை வெளியேற்றி, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் சரிபாதியாக நிரப்புங்கள். காய்கறியைப் பையில் வையுங்கள்.

இடிபாடு இல்லாத மண்ணுக்கு இரண்டு சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு ஸ்பூன் சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி ஒன்றிரண்டு நாளில். அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். இன்னொன்று, ஒரு அடிக் குழியில் தண்ணீர் ஊற்றி, அது வற்றியதும் மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார்ப்பது. ஒரு அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் 9 அங்குலம் முதல் ஒரு அடி வரை மேட்டுப்பாத்தி கட்டாமல் எதுவும் நடாதீர்கள். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்பது தவறு. காய்ந்ததும் செங்கல்போல இறுகும். அங்கே கலக்க வேண்டியது மட்கிய எருவும் இலைக்குப்பையும்.

மாடிக்கு வருவோம். பை வாங்கும்போது அளவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்ட அடி வைத்துத் தைத்த 12-க்கு 12 அங்குல எச்.டி.பி.ஈ. (கெட்டி பிளாஸ்டிக்) பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். அதே 12 அங்குலத்தைப் படுக்கை அகலமாகச் சொல்லி விற்கிற மெல்லிய பாலித்தீன் பையை நிரப்பி நிறுத்தினால் விட்டம் ஏழரை அங்குலம்தான், 9 லிட்டர்கூட எட்டாது. தக்காளி, கத்தரி, வெண்டைக்குக் குறைந்தது 20 லிட்டர் வேண்டும். 15-க்கு 15 வட்டப் பை 43 லிட்டர், கொடிக்காய்களுக்கு அதுவே சரி. கீரைக்கு ஆழம் 8, 9 அங்குலம் போதும், அகலம்தான் வேண்டும். தோட்டக்கலைத் துறையின் மானிய விலை மாடித்தோட்டத் தளை (கிட்) கிடைத்தால் அதில் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்ந்து வரும். தொடங்குகிறவர்களுக்கு அது நல்ல வழி.

எடையைக் கணக்குப் போடாமல் எதையும் ஏற்றாதீர்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியை சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படிதான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். 40 லிட்டர் பையில் வெறும் செம்மண் நிரப்பி நனைத்தால் 70 கிலோ. ஒரு சதுர மீட்டரில் மூன்று பை வைத்தாலே அளவு தாண்டிவிட்டது. தென்னை நார்க்கழிவு 2 பங்கு, மட்கிய உரம் 2 பங்கு, செம்மண் 1 பங்கு கலந்தால் அதே பை நனைந்த நிலையில் 40 கிலோ அளவில் நிற்கும். பைகளை மாடி நடுவில் குவிக்காமல் பீம் போகிற வரிசையிலும் சுவரோரத்திலும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தளம் காயும், ஓதம் இறங்காது, வேர் தளத்தைத் தேடாது.

நார்க்கழிவுக் கட்டியை அப்படியே உதிர்த்துக் கலப்பதுதான் புதியவர்கள் செய்கிற முதல் பிழை. அதில் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டியைப் பெரிய டிரம்மில் ஊறவைத்தால் 65, 70 லிட்டராக உப்பும். டீ நிறத்தில் வருகிற தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று முறை அலசுங்கள். வடிகிற தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் எப்போது நிறுத்தலாம் என்று அதுவே சொல்லும். ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்கு அருகில் வந்துவிட்டால் போதும். பிறகு கலவையில் 15 அங்குலப் பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள், கிலோ உரத்துக்கு 10 கிராம் வீதம் வேரழுகலைத் தடுக்கிற நன்மை நுண்ணுயிர்களான ட்ரைகோடெர்மா விரிடி, சூடோமோனாஸ். வடிகால் ஓட்டை அடித்தரையில் வேண்டாம், பக்கவாட்டில் அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே எதிரெதிராக நாலு. நிரப்பி, நனைத்து, பத்து நாள் விடுங்கள். இரண்டு மூன்று அங்குலம் அமிழும். அமிழ்ந்ததை நிரப்பிய பிறகுதான் நடவு. பொறுமையில்லாமல் அன்றே நட்டால் புண்ணாக்கு நொதிக்கிற சூட்டில் நாற்று வெந்துவிடும்.

15 அங்குலப் பைக்கு மார்கழியில் ஒரு லிட்டரும், சித்திரையில் காலை மாலை சேர்த்து மூன்று லிட்டரும் பிடிக்கும். முப்பது பை என்றால் கோடையில் நாளுக்கு 90 லிட்டர், மாதம் 2,700. லாரித் தண்ணீரை நம்பும் வீட்டில் இந்தக் கணக்கு தெரியாமல் தோட்டம் பெருகினால் வைகாசியில் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். அரிசி, காய் கழுவிய தண்ணீர் நாளுக்கு ஒரு குடம் தேறும். ஏ.சி. தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை, இரவெல்லாம் ஓடினால் அரை வாளிக்குக் குறையாது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழைக்கு 900 லிட்டர் விழுகிறது, சேதாரம் போக 700 பிடிக்கலாம். போர் தண்ணீர் 1,000 டி.டி.எஸ். என்று வைத்துக்கொள்ளுங்கள். பையின் வெளிப்புறம் வெள்ளைப் படிவு பூத்தால் உப்பு சேர்கிறது என்று பொருள். பத்து நாளுக்கு ஒரு முறை மழைத் தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ விட்டு அடியில் நன்றாக ஒழுகும்வரை கழுவினால் அடுத்த பத்து நாளுக்குப் பயமில்லை.

உப்புத் தண்ணீரில் முதலில் விழுவது பீன்ஸ், கேரட். முள்ளங்கியும் வெங்காயமும் சிறுத்துப் போகும். தக்காளி ஓரளவு தாங்கும். கொத்தவரை நன்றாகவே தாங்கும், பருப்புக்கீரையும் அப்படித்தான். டி.டி.எஸ். 1,500-க்கு மேல் உள்ள தெருவில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆடியில் கொத்தவரையை விதையுங்கள். நேரடியாகக் குத்திவிடலாம், நாற்று வேண்டாம், 50 நாளில் காய் வரும், பூச்சியும் குறைவு. முதல் முறையே பறித்துச் சமைத்துவிட்டால் அடுத்த பயிருக்குக் கை தானாகப் போகும்.

பருவம் தவறினால் எந்த உரமும் காப்பாற்றாது. ஆடியில் கத்தரி, வெண்டை, பாகல், புடல், பீர்க்கன், கொடி அவரை. கொடி அவரை பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். சித்திரையில் விதைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று உரம் போட்டால் இலைதான் பெருகும். ஐப்பசியிலும் கார்த்திகைத் தொடக்கத்திலும் எதையும் புதிதாக விதைக்க வேண்டாம், மழை விதையை அடித்துப் போய்விடும். கார்த்திகைக் கடைசியில் தக்காளி நாற்று, முள்ளங்கி, கொத்தமல்லி. தக்காளியில் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டல் நச்சுயிரியைத் தாங்குகிற ரகம். சித்திரை வெயிலில் தக்காளிப் பூ கொட்டுவது சத்துக் குறைவால் அல்ல. இரவுச் சூடு 25 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தம் வேலை செய்யாது. அந்த மாதங்களில் பச்சை நிழல்வலைக்குக் கீழே தண்டுக்கீரை, கொடிப்பசலை, வெண்டை என்று மாறிக்கொள்ளுங்கள். நாலு பேர் வீட்டுக்குப் பத்து வெண்டைச் செடி இருந்தால் 45-ஆம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு வேளைப் பொரியலுக்கு ஆகும்.

பூச்சியில் கத்தரிக்குருத்துத் துளைப்பானைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் தோற்பது அதனிடம். செடி முழுக்கப் பசுமையாக இருக்க, ஒரே ஒரு நுனிக்கொழுந்து மட்டும் வெந்தாற்போல் தலை தொங்கி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுவார்கள். அந்தக் கொழுந்தின் தண்டைத் திருப்பிப் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் ஒரு துளை, அதன் வாயில் மரத்தூள்போல எச்சம். நகத்தால் நீளவாக்கில் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு. தண்டுக்குள் இருப்பதை வேப்பெண்ணெய் தொடாது. துளைக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, சோப்புத் தண்ணீரில் அமிழ்த்திக் கொல்லுங்கள். உரக்குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். பூக்கும் முன் ஆறு வாரம் இதை விடாமல் செய்தால் காயில் புழு பெருமளவு குறையும்.

மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி மடிந்தால் சிலந்திப்பேன். முன்னதற்கு வேப்பெண்ணெய் 5 மில்லியை 2 மில்லி திரவ சோப்பில் குழைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். பின்னதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகும். வெண்டை இலை மஞ்சள் நரம்போடினால் அது நச்சுயிரி, மருந்தில்லை. அன்றே பிடுங்கினால்தான் மற்ற செடிகள் தப்பும்.

புரட்டாசி முடிவதற்குள் பைகளின் வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுத்து, பந்தல் கம்புகளை இறுக்கி, மாடி வடிகால் குழாயில் இலைக்குப்பை இல்லாமல் செய்துவிடுங்கள். முதல் பெருமழை விட்ட கையோடு ஒரு சாக்பீஸோடு தெருவில் இறங்கி, தண்ணீர் எதுவரை ஏறியதோ அந்த இடத்தைச் சுற்றுச்சுவரின் உள்பக்கம் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். வடிந்த நேரத்தை மறுநாள் அதன் கீழே எழுதுங்கள். சாக்பீஸ் காய்ந்து உதிர்வதற்குள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்து குடிவருகிறவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.